நோட்டில் ஏறியது நாவில் ஏறுமா?

மாலை 5 மணிக்கு மேல் மயிலாப்பூர், மாம்பலம், ஸ்ரீரங்கம் போன்ற இடங்களில் நடந்து செல்பவர்கள், ஏதாவது ஒரு வீட்டுக் கூடத்திலிருந்து பத்துக் குழந்தைகள் ஒரே குரலில் ஹிந்திப் பாடம் ஒப்பிப்பதைக் கேட்கலாம். சற்று நேரத்தில் அந்தச் சத்தம் அடங்கிவிடும். பாடம் முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். உபாத்தியாயினி கேள்வியையும் பதிலையும் சொல்லச் சொல்ல, குழந்தைகள் குனிந்த தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த வகுப்புகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1918-ஆம் வருஷத்தில் மகாத்மா காந்தி தம் புதல்வர் தேவதாஸ் காந்தியைச் சென்னைக்கு அனுப்பி ஹிந்தி வகுப்பு நடத்தச் செய்தார். அப்போது தேவதாஸுக்கு 18 வயது. அந்தச் சிறு விதையிலிருந்து வளர்ந்த தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபையை, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனம் என்று 1964-இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றிக் கௌரவித்தது. சபையின் பரீட்சைகள் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று தொடங்கி, பிரவேசிகா, விசாரத் ஆகியவற்றைக் கடந்து பிரவீண் வரையில் படிப்படியாக ஏறிச் செல்கின்றன.

தமிழ் நாட்டார் ஹிந்தி படிக்கவேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றி 1937-ஆம் வருஷம் முதல் பேசாத பேச்சும் எழுதாத எழுத்தும் பாக்கியில்லை. அந்த வாதத்துக்குள் நாம் இப்போது நுழையப் போவதில்லை. ஒருவர் தம் சொந்த விருப்பத்தினால் ஒரு பாஷையைக் கற்கத் தொடங்கினால், அவருடைய உழைப்பு வீண்போகக் கூடாது என்பதுதான் இங்கே நமது கவலை. இங்கே சொல்லும் முறைகள் ஜெர்மன் படிப்பவருக்கும், ஜப்பானிய பாஷை படிப்பவருக்கும், ஏன், தமிழ் படிக்க வரும் வடநாட்டாருக்குங்கூடப் பொருந்தும்.

உழைப்பு வீண்போகிறதா என்று கேட்கலாம். பல வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். பையன் பிராத்மிக்கில் முதல் வகுப்பில் தேறுகிறான். மத்யமாவும் அப்படியே. ஐந்தாறு வருஷங்கள் மாலை விளையாட்டைத் தியாகம் செய்து விசாரதும் தேறிவிடுகிறான். சான்றிதழ்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. பிறகு உத்தியோகத்துக்காக டில்லி ரயில் நிலையத்தில் போய் இறங்குகிறான். தேநீர் விற்பவன் எதிரே வந்து நின்று ஏதோ கேட்கிறான். நம் விசாரதுக்கு வாய் திறக்கவில்லை! விரலை நீட்டி ஒன்று என்று காட்டுகிறான். துளஸீதாஸரைப் பற்றி மூன்று பக்கம் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு கோப்பைத் தேநீர் கேட்கத் தெரியவில்லை.

பையனுக்கு மூளை போதாது என்று சொல்வதற்கில்லை. உபாத்தியாயினிக்குத் திறமை போதாது என்றும் சொல்வதற்கில்லை. அத்தனை வருஷ உழைப்பும் எங்கேயும் ஓடிப்போகவில்லை. நோட்டுப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது! நோட்டிலிருந்து நாவுக்கு வருவதற்கு வழி போடவில்லை, அவ்வளவுதான். வழி போடுவது எப்படி என்பதைப் பார்ப்போம்.

காது முந்தி, பேனா பிந்தி

முதலில், வகுப்பில் எந்த நேரத்தில் எழுதுவது என்பதைத் தீர்மானிக்கவேண்டும். சரித்திரமோ பூகோளமோ படிக்கும்போது உபாத்தியாயர் சொல்வதன் பொருள்தான் முக்கியம். அவருடைய உச்சரிப்பு எப்படியிருந்தால் நமக்கென்ன? பாஷை வகுப்பில் விஷயம் அப்படியில்லை. அங்கே உபாத்தியாயரின் குரலே பாடம். அவர் வாய் திறக்கும்போது நாம் பேனாவைத் திறந்தால், பாடத்தில் பாதி காற்றோடு போய்விடுகிறது.

ஆகையால் ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்கவேண்டும். பிறகு ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகுதான் எழுதவேண்டும். இப்படிச் செய்தால் குறைவாகத்தான் எழுத முடியும். அது நல்லதே. ஒரு மணி நேரத்தில் காதில் விழுந்து, நாவில் புரண்டு, பிறகு ஏட்டில் இறங்கிய பத்து வாக்கியங்கள், காதிலும் நாவிலும் படாமல் நேரே ஏட்டுக்குப் போன பத்துப் பக்கங்களை விட மேலானவை.

அடுத்தபடி, எந்த எழுத்தில் எழுதுவது என்ற கேள்வி. நாகரி எழுத்து நன்றாகப் பழகுகிற வரையில் ஹிந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வது அநேகருடைய வழக்கம். சௌகரியமான வழக்கந்தான். ஆனால் அதன் பலனைக் கவனியுங்கள். ககரம், சகரம், டகரம், தகரம், பகரம் ஆகிய ஐந்து இடங்களிலும் நாகரியில் நான்கு நான்கு எழுத்துக்கள் இருக்கின்றன. தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து. இது தமிழுக்குக் குறைவல்ல. நம் பாஷையில் எழுத்து நிற்கும் இடத்தைக் கொண்டே அதன் ஒலி தீர்மானமாகிவிடுகிறது. வேறு எழுத்துக்குத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரே எழுத்தின் தலையில் ஹிந்தியின் நான்கு ஒலிகளையும் சுமத்தினால் அது என்ன செய்யும்?

ஹிந்தியில் ஒற்றைக் கண்ணனுக்கு ஒரு சொல், சாப்பாட்டுக்கு ஒரு சொல், பாட்டுக்கு ஒரு சொல் உண்டு. மூன்றும் வெவ்வேறு எழுத்தில் தொடங்குகின்றன. தமிழில் எழுதினால் மூன்றும் ‘கானா’! விருந்துக்குப் போன இடத்தில் “கானா நன்றாயிருந்தது” என்று சொன்னால், சாப்பாட்டைப் புகழ்கிறோமா, பாட்டைப் புகழ்கிறோமா, வீட்டுக்காரரின் கண்ணைப் பற்றிப் பேசுகிறோமா என்பது ஒலியைப் பொறுத்தது. இன்னும் ஒரு வேடிக்கை. தலைமயிருக்கும், கப்பலின் பாய்க்கும், நெற்றிக்கும் ஹிந்தியில் உள்ள மூன்று சொற்களும் தமிழ் எழுத்தில் ‘பால்’ என்றே ஆகிவிடும். ஒரு மாதம் கழித்து நோட்டைப் பிரிக்கிற பிள்ளை, அம்மா வாங்கி வரச் சொன்ன பால் இங்கே எப்படி வந்தது என்று திகைக்கவேண்டியதுதான்.

தமிழ் கற்கும் வடநாட்டாரின் கஷ்டமும் இதேதான். வலி, வளி, வழி என்ற மூன்றையும் அவர் ஹிந்திக்கு வழக்கமான ஒரே லகரத்தில் எழுதி வைத்துக்கொண்டால், வழி கேட்கப் போனவர் வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவார். ஆகவே எந்தப் பாஷையைக் கற்கிறோமோ அந்தப் பாஷையின் எழுத்திலேயே முதல் நாள் தொட்டு எழுதவேண்டும். கை தாமதப்படும்; எழுத்துக் கோணும்; இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். இந்தக் கட்டுரையில் ஹிந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருப்பது, நாகரி அறியாத நேயர்களும் வாசிக்கவேண்டும் என்பதற்காக. நோட்டில் அவ்விதம் செய்யவேண்டாம்.

தனிச் சொல்லும் முழு வாக்கியமும்

சாதாரணமாக நோட்டில் காண்பது இரண்டு பத்திகள். இடது பக்கம் ஹிந்திச் சொல். வலது பக்கம் அர்த்தம். ‘கிதாப் - புத்தகம்’, ‘தூத் - பால்’, ‘சாய் - தேநீர்’ என்று கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் பேச வேண்டிய சமயத்தில் இதனால் உதவியும் அதிகம் இல்லை.

தமிழில் மேஜையும் நாற்காலியும் அஃறிணை. அவை ஆணா பெண்ணா என்ற கேள்வியே நமக்கு எழாது. ஹிந்தியிலோ உலகத்திலுள்ள ஒவ்வொரு பொருளும் ஆணாக இருக்கவேண்டும். அல்லது பெண்ணாக இருக்கவேண்டும். புத்தகம் பெண். தண்ணீர் ஆண். தேநீர் பெண், அதில் விடுகிற பால் ஆண்! இவற்றுக்குக் காரணம் தேடிப் பயனில்லை. பழக்கத்தினால்தான் வரவேண்டும். ஆகையால் ஒரு பெயர்ச் சொல்லைத் தனியாக எழுதாமல், அதன் பாலைக் காட்டிக்கொடுக்கும் ஒரு துணையோடு எழுதவேண்டும். ‘அச்சீ கிதாப்’, ‘அச்சா தூத்’, ‘டண்டா பானி’, ‘டண்டீ ஹவா’ என்று எழுதினால், நல்ல புத்தகமும், நல்ல பாலும், குளிர்ந்த நீரும், குளிர்ந்த காற்றும் தத்தம் அடையாளச் சீட்டுடன் மனத்தில் வந்து உட்காரும். ‘ஆண்பால்’, ‘பெண்பால்’ என்று பக்கத்தில் குறித்துக்கொள்வதை விட இது உறுதியானது. பேசும்போது யாரும் குறிப்பைப் பேசுவதில்லை; சொல்லைத்தான் பேசுகிறார்கள்.

இலக்கண விதிகளுக்கும் இதுவே முறை. ஹிந்தி கற்கும் தமிழரைக் கலங்க வைக்கும் விஷயங்களில் முக்கியமானது ‘நே’ என்ற சிறிய உருபு. செயப்படுபொருள் உள்ள வினை இறந்த காலத்தில் வரும்போது எழுவாயோடு இது வந்து ஒட்டிக்கொள்கிறது. பிறகு வினைச்சொல் எழுவாயை விட்டுச் செயப்படுபொருளின் பாலைப் பின்பற்றுகிறது. இதற்கு நிபந்தனைகளும் விலக்குகளும் உண்டு. எல்லாவற்றையும் எழுதினால் ஒரு பக்கம் நிரம்பும். அதைப் படித்தால் தூக்கம் வரும், ஹிந்தி வராது.

அதற்குப் பதிலாக இரண்டே வாக்கியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். “ராம் நே ரோட்டீ காயீ”; “ஸீதா நே ஆம் காயா.” ராமன் ரொட்டி தின்றான், ஸீதை மாம்பழம் தின்றாள். ரொட்டி பெண்பாலாகையால், தின்றவன் ராமனாயிருந்தும் வினை பெண்பாலில் நிற்கிறது. மாம்பழம் ஆண்பாலாகையால், ஸீதை தின்றும் வினை ஆண்பாலுக்குப் போய்விட்டது. ‘காயீ’, ‘காயா’ என்ற இரண்டின் கீழும் ஒரு கோடு கிழித்துவிட்டால் போதும். விதி முழுவதும் அந்த இரண்டு வரிகளில் அடங்கிவிடுகிறது. ‘நே’ வரும் போதெல்லாம் ராமனும் ஸீதையும் வந்து காப்பாற்றுவார்கள்.

நடுவில் ஒரு தரகர்

பல நோட்டுகளில் இன்னொரு விசித்திரத்தையும் பார்க்கலாம். கற்பது ஹிந்தி, கற்பவர் தமிழர், அர்த்தம் எழுதியிருப்பதோ ஆங்கிலத்தில்! சம்பந்தி வீட்டாரோடு பேசுவதற்கு மூன்றாம் ஊர்த் தரகரை நடுவில் உட்கார வைப்பது போன்றது இது.

உண்மையில் வாக்கிய அமைப்பில் தமிழும் ஹிந்தியும் பல இடங்களில் நெருங்கிய பங்காளிகள். இரண்டிலும் வினைச்சொல் கடைசியில் வருகிறது. இரண்டிலும் உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது. ‘மேஜைமேல்’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘மேஜ் பர்’ என்கிறார்கள். “எனக்குத் தேநீர் வேண்டும்” என்பது “முஜே சாய் சாஹியே” ஆகிறது. ‘முஜே’ என்றால் எனக்கு, ‘சாய்’ தேநீர், ‘சாஹியே’ வேண்டும். சொல்லுக்குச் சொல் சரியாயிருக்கிறது! “எனக்குத் தெரியும்” என்பதும் “முஜே மாலூம் ஹை” என்று அதே நான்காம் வேற்றுமையில் வருகிறது. ஆங்கிலத்தின் வழியாகப் போகிறவர், ‘எனக்கு’ என்பதை ‘நான்’ என்று மாற்றி, வினையை நடுவில் கொண்டுபோய் வைத்து, பிறகு மறுபடியும் கடைசிக்கு இழுத்து வரவேண்டும். அதற்குள் ரயில் நிலையத்துத் தேநீர்க்காரன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

ஆகவே விளக்கம் எழுதுவதானால் தமிழில் எழுதலாம். தமிழைப் போலவே இருக்கும் அமைப்புக்கு ஓர் அடையாளமும், தமிழுக்கு மாறான அமைப்புக்கு வேறோர் அடையாளமும் போட்டுக்கொண்டால், எங்கே தைரியமாக நடக்கலாம், எங்கே காலை ஊன்றி வைக்கவேண்டும் என்பது நோட்டைப் புரட்டும்போதே தெரிந்துவிடும்.

தரங்கம்பாடியில் ஒரு மாணாக்கர்

அந்நிய பாஷை கற்பதற்கு நோட்டை எப்படி உபயோகிப்பது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1706-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பார்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், டென்மார்க் தேசத்தாரின் வசத்தில் இருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவருக்கு வயது சுமார் 24. தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அவர் ஒரு திண்ணைப் பள்ளி உபாத்தியாயரை ஏற்பாடு செய்துகொண்டு, சிறு பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார்.

பிறகு அவர் கைக்கொண்ட தினசரி ஒழுங்கு கவனிக்கத் தக்கது. காலை 7 மணியிலிருந்து 8 மணி வரையில், முன்பு கற்று எழுதி வைத்திருந்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். 8 மணி முதல் 12 மணி வரையில் அதுவரையில் படிக்காத தமிழ் நூல்களைப் படிப்பார். அப்போது ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் பக்கத்தில் இருப்பார்கள். புலவர் பொருள் சொல்வார். புதிதாக வரும் சொல்லையும் தொடரையும் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். படிக்கிறவருடைய கவனம் படிப்பிலேயே இருந்தது.

எழுத்தர் வைத்துக்கொள்ள நம்மால் முடியாது. ஆனால் அந்த ஒழுங்கிலுள்ள முக்கியமான அம்சத்துக்குப் பணம் வேண்டியதில்லை. புதிய பாடத்தைத் தொடுமுன் ஒரு மணி நேரம் பழைய குறிப்புக்குப் போயிற்று என்பதே அது. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அச்சாயிற்று. மணலில் விரல் வைத்துப் பத்தே வருஷம்!

மறதியின் கணக்கு

எழுதியதைத் திரும்பப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே போட்டுவிட்டார் ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்ற மற்றொரு ஜெர்மானியர். அர்த்தமில்லாத அசைகளை நெட்டுருப் போட்டு, வெவ்வேறு நேரம் கழித்து மறுபடி கற்க எவ்வளவு உழைப்பு மிச்சப்படுகிறது என்று தம்மைத் தாமே சோதித்துப் பார்த்து, 1885-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் நஷ்டம். ஒரு நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நஷ்டம். அதற்குப் பிறகு நஷ்டத்தின் வேகம் குறைகிறது. அர்த்தமுள்ள வாக்கியங்கள் இவ்வளவு சீக்கிரம் மறைவதில்லை. ஆனாலும் முதல் நாளில்தான் சேதம் அதிகம் என்பதை நினைவில் வைக்கவேண்டும். வகுப்பு முடிந்த அன்று இரவே நோட்டைத் திறக்கவேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

திறந்து என்ன செய்வது? திரும்பத் திரும்பப் படிப்பதா? அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாரார் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு சாரார் பாடத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தி நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள்.

இதற்கு ஏற்றவாறு நோட்டை அமைத்துக்கொள்ளலாம். பக்கத்தின் இடது பக்கத்தில் மூன்று விரற்கடை அகலம் விட்டு, வலது பக்கத்தில் ஹிந்தி வாக்கியத்தை எழுதவேண்டும். இரவில் அந்த ஓரத்தில் அதைத் தூண்டும் தமிழ் வாக்கியத்தையோ ஒரு கேள்வியையோ எழுதவேண்டும். பிறகு ஒரு காகிதத்தால் ஹிந்திப் பகுதியை மூடிக்கொண்டு, ஓரத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லவேண்டும். மறுநாள் ஒரு முறை. மூன்று நாள் கழித்து ஒரு முறை. வாரம் கழித்து ஒரு முறை. தடையின்றி வந்துவிட்ட வாக்கியத்தை அடித்துவிடலாம். வராததை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகவேண்டும். அடித்தல் ஒன்றும் இல்லாமல் முத்து முத்தாக இருக்கும் நோட்டைப் பார்த்துப் பெற்றோர்கள் பூரித்துப் போகவேண்டாம். அது இன்னும் உபயோகத்துக்கு வரவில்லை.

கடைசிப் பக்கம்

நோட்டின் கடைசிப் பக்கங்களில் சிலவற்றை ஒரு தனிக் காரியத்துக்கு ஒதுக்கவேண்டும். வகுப்பில் நாம் தப்பாகச் சொன்னதையும், உபாத்தியாயினி திருத்தியதையும் தேதி போட்டு அங்கே எழுதவேண்டும். தப்பான வாக்கியத்தைச் சிறிதாகவும், சரியான வாக்கியத்தைப் பெரிதாகவும் எழுதலாம். பாடப் புத்தகம் எல்லாருக்கும் பொது. இந்தப் பக்கம் மட்டும் அவரவருக்கென்றே ஏற்பட்டது. ஒரே பிழை மூன்று தேதிகளில் வந்திருந்தால், எங்கே உழைக்கவேண்டும் என்று வேறு யாரையும் கேட்கவேண்டியதில்லை.

உபாத்தியாயினி பாடத்துக்கு வெளியே சொல்லும் சில்லறைப் பேச்சுக்களுக்கும் அங்கே இடம் கொடுக்கலாம். “ஃபிர் ஸே போலோ” என்றால் திரும்பச் சொல்லு. “தீரே போலியே” என்றால் மெதுவாகப் பேசுங்கள். இவை எந்தப் பரீட்சையிலும் வராமல் போகலாம். ஆனால் டில்லியில் இறங்கிய முதல் நாளே வேண்டியிருக்கும்.

இக்காலத்தில் வேறொரு வழக்கம் வந்திருக்கிறது. கரும்பலகையைக் கைப்பேசியால் ஒரு படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது. எழுத்துப் பிழை வராது, கையும் வலிக்காது. படம் பிடித்ததைக் கைப்பேசி நினைவில் வைத்துக்கொள்கிறது, பிடித்தவர் வைத்துக்கொள்வதில்லை. கையால் எழுதுவது மேலா, யந்திரத்தில் தட்டுவது மேலா என்பதைப் பற்றியும் ஆராய்ச்சி நடக்கிறது. கையெழுத்தே சிறந்தது என்று 2014-இல் ஒரு சோதனை சொல்லிற்று. பின்னர் செய்தவர்களுக்கு அதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. ஆகையால் கருவியைப் பற்றிச் சண்டை வேண்டாம். எழுதியதை மூடிவிட்டுச் சொல்லிப் பார்க்கிறோமா என்பதே கேள்வி.

குழந்தைகளை வகுப்புக்கு அனுப்பும் தாய்மார்களுக்கும் தகப்பனார்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை வகுப்பிலிருந்து திரும்பியதும், “இன்றைக்கு எத்தனை பக்கம் எழுதினாய்?” என்று கேட்பது வழக்கம். அதை விட்டுவிட்டு, “நோட்டை மூடி வைத்துவிட்டு எனக்கு ஒரு வாக்கியம் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்கு ஹிந்தி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. குழந்தை சொல்லி, அதன் அர்த்தத்தையும் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். நாளைக்கு ஒரு வாக்கியம் வீதம் வருஷத்துக்கு 365 ஆயிற்று. அவ்வளவும் நாவில் இருந்தால், டில்லி ரயில் நிலையத்தில் தேநீர் கேட்டு வாங்குவதோடு, சர்க்கரை போதாது என்று சண்டையும் போடலாம்.